அஞ்சு வோல்ட்டுப் பொட்டி

இந்த ஹாஸ்டல் நோட்டுல ‘வந்த காரணம்’னு ஒரு கட்டம் போட்டிருக்கீங்களே, அதுல என்னத்தைங்க எழுதறது? போன தடவை ‘பாக்க’ன்னு எழுதுனேன். அதுக்கு முந்துன தடவையும் அதேதான். ஆனா பாக்கலையே. பாக்காமயே திரும்பிப் போறவன் பாக்கன்னு எழுதுனா அது பொய்தானுங்களே? சரி, அந்தக் கட்டத்தைச் சித்த காலியா விட்டு வெப்போம். பேரு நாச்சிமுத்து. ஊரு பல்லடம். பாக்க வந்தது இந்துஜா, ரூம் நம்பர் முன்னூத்திப் பன்னெண்டு. உறவு, அப்பா. இது நாலாவது ஞாயித்துக்கிழமைங்க.

மத்த மூணு தடவையும் மீசை வெச்ச ஒருத்தரு இருந்தாரு. அவரு லீவுங்களா? நல்லதாப் போச்சு. அவரு மூஞ்சியக் குடுத்தே பேச மாட்டாரு. உங்க பேரென்னங்க? முனிரத்தினம்மாளா. உங்களைப் பாத்தா நாலு வார்த்தை கேக்கற ஆளாத் தெரியுதுங்க.

மேல போன் பண்ணிச் சொல்லிட்டீங்களா? ‘வர்றேன்’னு சொன்னாளா, ‘சரி’ன்னு சொன்னாளா? ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்குதுங்க. சரின்னு சொன்னா வர மாட்டா. போன தடவையும் சரின்னுதான் சொன்னா, நான் மத்தியானம் ஒரு மணி வரைக்கும் இதே சேர்ல உக்காந்திருந்தேன்.

சத்தமாப் பேசறனுங்களா? மன்னிச்சுக்கோங்க. ஞாயித்துக்கிழமை, புள்ளைக தூங்கும். என்ற தொழில் அப்படிங்க. குஞ்சு பொரிக்கிற மிசினுக்குள்ள பெரிய பெரிய காத்தாடி ஓடிட்டே இருக்கும், அந்தச் சத்தத்துல முப்பத்தோரு வருசமாக் கத்திக் கத்திப் பேசி இதே பழக்கமாயிருச்சு. வீட்டுல உப்பு வேணும்னு கேட்டாக்கூடச் சண்டை போடறாப்புல இருக்கும்னு கலாமணி சொல்லுவா. கலாமணி என்ற சம்சாரம்.

இந்தப் பொட்டியத் தொறந்து காட்டோணுமா? தாராளமாப் பாருங்க, ஒளிக்கறதுக்கு ஒண்ணுமில்லை. இது கோழி முட்டை அடை வெக்கிற மிசினுக்குப் போடற பொட்டிங்க. முட்டைக்கு முப்பத்தேழரை டிகிரிக்குச் சித்த மேல சூடு இருக்கோணும். கம்மியானா ஹீட்டரைப் போடோணும், ஏறுனா அணைக்கோணும். இருபத்தொரு நாளைக்கு ஒரு கோழி உக்காந்து செய்யற வேலைய இது செய்யுது. சுத்துவட்டாரத்துல அறுபத்திரண்டு ஹேட்சரியில என்ற பொட்டிதான் இருக்குது. மேல பாருங்க, ‘நாச்சிமுத்து கண்ட்ரோல்ஸ்’னு பேரு அடிச்சிருக்கும்.

இந்த மூடியில சின்னதா ஒரு ஜன்னல் வெட்டியிருக்கேன் பாத்தீங்களா? அந்த ஜன்னலுக்குள்ள நகத்தளவுல நீலமா ஒண்ணு தெரியுதுங்களா? அதைக் காட்டத்தானுங்க வந்திருக்கேன். அவ அதைப் பாத்துட்டாப் போதும், பொட்டியத் தூக்கிட்டு என்ற கூடவே பஸ் ஏறிருவா. அப்படித்தான் நான் நினைச்சிட்டிருக்கேன்.

நீங்க எத்தனை வரைக்கும் படிச்சீங்க? எட்டாவதா. போதும்ங்க, நான் மட்டும் என்ன, ஐ.டி.ஐ.தான். இந்த எலக்ட்ரானிக்ஸ்ங்கறதே கரண்டை வெச்சு ‘ஆமா’, ‘இல்லை’ன்னு பேசிக்கறதுதானுங்க. என்ற பொட்டி பழைய ஆளு. அது ஆமான்னு சொல்லோணும்னா அஞ்சு வோல்ட் குடுக்கும், இல்லைன்னா சைபர். முப்பது வருசமா எனக்குத் தெரிஞ்ச கணக்கு அதுதான். இப்ப வர்ற புது போர்டுகளெல்லாம் ஆமாங்கறதுக்கு மூணேகாலுக்குச் சித்த மேலதான் குடுக்கும். அவ்வளவுதான் அதுக தெம்பு.

இந்துஜா இஞ்சினீயரிங் முடிச்சுட்டு என்ற கடையிலதான் உக்காந்தா. மத்த புள்ளைகளாட்டம் பெங்களூரு, சென்னைன்னு போகல. ‘அப்பா, உங்க பொட்டியோட ஒரு சின்ன போர்டைச் சேத்தா, மிசினுக்குள்ள என்ன சூடுன்னு முதலாளிக போன்லயே பாத்துக்கலாம்’னு சொன்னா. ஆறு மாசம் உக்காந்து அவளே செஞ்சா. சூடு பாக்கறது, போனுக்கு மெசேஜ் அனுப்பறது எல்லாம் அவ போர்டு. ஹீட்டரைப் போட்டு அணைக்கறது என்ற போர்டு. ரெண்டுக்கும் நடுவுல ரெண்டு வயரு. இது ‘எவ்வளவு சூடு?’ன்னு கேக்கும், அது பதில் சொல்லும்.

அந்த ரெண்டு வயருக்கு நடுவுலதான் அவ இந்த நீலத் துண்டை வெச்சா. கன்வெர்ட்டர்னு சொல்லுவாங்க. இந்தப் பக்கம் அஞ்சா வர்றதை மூணேகாலாக் குறைச்சு அங்க குடுக்கும். அந்தப் பக்கம் மூணேகாலா வர்றதை அஞ்சா ஏத்தி இங்க குடுக்கும். நேரா ரெண்டையும் சேத்தா என்ன ஆகும்னு நீங்க கேக்கோணும். கேளுங்க. என்ற போர்டு பேசறது அவ போர்டுக்குத் தாங்காது. ஆனா பாருங்க, அப்பவே சாகாது. அதுதான் இதுல இருக்கற சூட்சுமம். ஒரு மாசம், ரெண்டு மாசம் தாங்கிக்கிட்டு வேலை செய்யும். பாக்கறவனுக்கு எல்லாம் நல்லாத்தான் தெரியும். உள்ளுக்குள்ள கொஞ்சங் கொஞ்சமாக் கருகும். அதே மாதிரி அது பேசறது இதுக்குச் சிலப்பக் கேக்கும், சிலப்பக் கேக்காது. மூணரைக்கு மேல வந்தாத்தான் என்ற போர்டு ஒரு பேச்சா மதிக்கும்.

மணி என்னங்க? பத்தரையா. குளிச்சிட்டிருப்பா போல.

இவ்வளவு தெரிஞ்ச நான் ஏன் அதைக் கழட்டுனேன்? அதைத்தான் கேக்கறீங்க, தெரியுது. சென்னியப்பண்ணன் ஹேட்சரிக்கு முதல் பொட்டி போச்சுங்க. தை மாசம். அவரு இருபது வருசமா என்ற கஸ்டமர், கூடப்பொறந்தவராட்டம். அன்னிக்கு இந்துஜா சிநேகிதி கல்யாணத்துக்கு ஈரோடு போயிட்டா. பொட்டிக்குள்ள எல்லாத்தையும் அடுக்கி மூடுனா, மூடி உக்கார மாட்டேங்குது. என்ற பொட்டி எப்பவும் ஒரே சைஸ்தான், முப்பது வருசமா அதே அச்சு. இந்த நீலத் துண்டு கரெக்டா மூடிக்கு முட்டுக்கட்டையா நிக்குது. அதைக் கழட்டிட்டு ரெண்டு வயரையும் நேரா இழுத்து ஈயத்துல பத்த வெச்சேன். டேபிள் மேல போட்டுப் பாத்தேன். ஓடுச்சு. ஜம்முனு ஓடுச்சுங்க! எங்க தொழில்ல ஓடறதைத் தொட மாட்டோம். ஓடுதா, மூடு. மூடுனேன்.

வந்ததும் கேட்டா. ‘கன்வெர்ட்டர் எங்கப்பா?’ ‘ஓடுது அம்மிணி’ன்னேன். மறுநாள், ‘அதில்லாம இருக்கக் கூடாதுங்கப்பா’ன்னா. ‘ஓடுதில்ல, விடு’ன்னேன். அவ பேசறதே பக்கத்துல போய்க் காதை வெச்சாத்தான் கேக்கும். அந்த மாதிரி மெல்லச் சொன்னா, பெரிய விசயம்னு யாருக்குங்க தோணும்? முக்கியமான சமாச்சாரத்தை ஒரு சத்தம் போட்டுச் சொல்ல வேண்டாமா? மூணாவது தடவையும் அதே மாதிரிதான் சொன்னா. அப்பறம் கேக்கறதை நிறுத்திட்டா. ரெண்டு மாசம் ஒரு வார்த்தை பேசல. எனக்குச் சந்தோசமாப் போச்சு. அப்பன் சொன்னதைப் புள்ள புரிஞ்சுக்கிச்சுன்னு கலாமணிகிட்டப் பெருமையாச் சொன்னேன். அவ என்னை ஒரு மாதிரியாப் பாத்துட்டு அடுப்புக்கிட்டப் போயிட்டா.

சித்திரையில ஒரு நாளு. நல்ல வெயிலு, மத்தியானம் ரெண்டு மணி இருக்கும். சென்னியப்பண்ணன் ஆளு மிசின் கதவைத் தொறந்திருக்கான், அனல் அடிச்சுதாம் மூஞ்சியில. உள்ள பன்னெண்டாயிரம் முட்டைங்க. பதினேழு நாள் ஆயிருச்சு. இன்னும் நாலு நாள்ல பொரிஞ்சிருக்கும். எடுத்து ஒண்ணை ஒடைச்சுப் பாத்தாங்களாம். உள்ள குஞ்சு முழுசா இருக்குது, முடியோட, மூக்கோட. வெந்து போயிருக்குது.

நான் போய்ப் பாக்கறேன், பொட்டி மூஞ்சியில முப்பத்தேழு புள்ளி நாலுன்னு காட்டுதுங்க. அசையாம நிக்குது. முந்துன நாள் பொழுதோட புடிச்சு அதே நம்பர்தானாம். சென்னியப்பண்ணன் அன்னிக்கு ராத்திரியே எனக்குப் போன் பண்ணி, ‘நாச்சி, இவ்வளவு நிதானமா எப்பவும் நின்னதில்லையப்பா’ன்னு பாராட்டுனாரு. நானும் வாங்கிக்கிட்டேன் அந்தப் பாராட்டை. அவ போர்டு அப்பவே செத்துப் போச்சுங்க. பதில் வரல. பதில் வரலைன்னா கடைசியா வந்த பதிலையே வெச்சுக்கோன்னு என்ற பொட்டியில நான்தான் புரோகிராம் எழுதி வெச்சிருந்தேன். அந்தக் காலத்துல ஒரு வயரு லூசாயி மிசினே நின்னு போகக் கூடாதேன்னு எழுதுனது. ரெண்டு புள்ளி கம்மியா இருக்குதுன்னு நினைச்சு அது பாட்டுக்கு ஹீட்டரை ஓட்டிட்டே இருந்திருக்குது. அலாரமா? அலாரமும் அதே நம்பரைத்தானுங்க பாக்கும். போனுக்கு மெசேஜும் வரல. மெசேஜ் வரலைன்னா எல்லாம் நல்லாருக்குதுன்னு அர்த்தம்ங்கண்ணான்னு அவருக்கு நான்தான் சொல்லிக் குடுத்திருந்தேன்.

பன்னெண்டாயிரம் குஞ்சுங்க. கூடை கூடையாக் கொண்டு போய்க் குழியில கொட்டுனாங்க. நான் அழுதேனுங்க. சொல்றதுக்கு வெக்கமில்லை.

அங்க பத்துப் பதினஞ்சு பேரு நின்னாங்க. பக்கத்து ஹேட்சரிக்காரங்க, பண்ணைக்காரங்க. சென்னியப்பண்ணன் ஒரு வார்த்தை திட்டல. ‘என்ன நாச்சி ஆச்சு?’ன்னு மட்டும் கேட்டாரு. எனக்கு வாயில வந்தது, ‘புது போர்டு போயிருச்சுங்கண்ணா. அது பாப்பா பண்ணுனது.’ அவ்வளவுதான் சொன்னேன். அதுல ஒரு வார்த்தை பொய்யிருக்குதுங்களா நீங்களே சொல்லுங்க? போனது புது போர்டு. பண்ணுனது பாப்பா. இந்துஜா என்ற பக்கத்துலதான் நின்னா. ‘அப்பா’ன்னா. ‘நீ சும்மா இரு அம்மிணி’ன்னேன். சும்மா இருந்துட்டா.

வீட்டுக்கு வந்ததும், ‘சென்னியப்பன் மாமாகிட்ட நீங்க கழட்டுனதைச் சொல்லிருங்கப்பா’ன்னு கேட்டா. சொல்லலாம் அம்மிணி, அவரு மனசு ஆறட்டும்னேன். அடுத்த வாரமும் கேட்டா. அதுக்குள்ள ஊரெல்லாம் பேசிக்கிட்டாங்க, பொம்பளப் புள்ள பண்ணுன போர்டு பன்னெண்டாயிரம் முட்டைய வேக வெச்சுருச்சுன்னு. அவகிட்டத் தனியா நாலு போர்டு கேட்டிருந்த ஆளு ஒருத்தரு வேண்டாம்னுட்டாரு. டீக்கடையில என்ற காது படவே சிரிச்சானுக. எனக்கு எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. பெத்தவனுக்குத்தானே அந்த வலி தெரியும்!

ஒரு நாள் காத்தால பையை எடுத்துட்டு இங்க வேலைக்குக் கெளம்பிட்டா. போன் பண்ணா எடுக்கறதில்லை. எடுத்தா, ‘சொல்லிட்டீங்களாப்பா?’ அது ஒண்ணுதான். இல்லைன்னா வெச்சுருவா.

கலாமணியச் சொல்லச் சொன்னேன். முன்னயெல்லாம் அவதானுங்க எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல. நான் ‘காலேஜ் விட்டு ஏன் இத்தன நேரம்’னு கத்துனா, அவ போய், ‘அப்பா பயந்துட்டாரு கண்ணு’ன்னு சொல்லுவா. இவ சமையக்கட்டுல முணுமுணுக்கறதை, என்ற முன்னால வந்து இடுப்புல கைய வெச்சு, ‘புள்ள டூருக்குப் போகோணுமாம், அனுப்பறீங்களா இல்லையா?’ன்னு கேப்பா. இப்ப அவளும் மாட்டேன்னுட்டா. ‘இத்தன வருசம் நடுவுல நின்னதுல எனக்கு உள்ளயெல்லாம் எரிஞ்சு போச்சு, இனி அப்பனும் புள்ளையும் நேராப் பேசிக்கோங்க’ன்னு சொல்லிட்டா. பொம்பளைகளுக்கு எப்ப எது கோவம்னே தெரியறதில்லைங்க.

அதான் நானே வந்துட்டிருக்கேன். ஆறு நாளு உக்காந்து இந்த மூடியில ஜன்னல் வெட்டியிருக்கேன் பாருங்க. முப்பது வருசமா மாத்தாத அச்சு. அவ கன்வெர்ட்டருக்காக மாத்திட்டேன். இதுக்கு மேல ஒரு அப்பன் என்னங்க செய்வான்?

போன் அடிக்குது, எடுங்க. மேலருந்தா? என்ன சொல்றா? வர்றாளா?

‘சொல்லிட்டாரான்னு கேளுங்க’ங்கறாளா. அவ்வளவுதானா? வேற ஒண்ணுமே இல்லையா? அப்பா சாப்பிட்டாரான்னு கேக்கலையா?

ஜன்னல் வெட்டியிருக்கேன்னு சொல்லுங்க. நீலத் துண்டு உள்ள இருக்குதுன்னு சொல்லுங்க. என்னங்க? வெச்சுட்டாளா.

நீங்களும் ஏனுங்க அப்படிப் பாக்கறீங்க? ‘சொல்றதுல என்ன, ஒரு வார்த்தைதானே’ங்கறீங்க. ஒரு வார்த்தைதான். அறுபத்திரண்டு ஹேட்சரிங்க. எல்லாத்துலயும் என்ற பேரு. மூடி உக்காரலைன்னு கன்வெர்ட்டரைக் கழட்டிப் போட்டவன் நாச்சிமுத்துன்னு தெரிஞ்சா, நாளைக்கு எவன் என்னைப் பொட்டியத் தொட விடுவான்? அவளுக்கென்ன, இருபத்தஞ்சு வயசு. இந்தப் பேரு போனா இன்னொரு பேரு எடுத்துக்குவா. எனக்கு அம்பத்தெட்டு. ராத்திரி படுத்தாச் சொல்லிரலாம்னு தோணுதுங்க. விடிஞ்சாப் போனை எடுத்துட்டு மறுபடி கீழ வெச்சர்றேன். நான் என்ன செய்யட்டும்? எனக்கு வழியே தெரியலைங்க.

இப்பவே சென்னியப்பண்ணன்கிட்டப் பேசுங்கறீங்களா? இங்கிருந்தா? சரி. நீங்க சொல்றீங்க, போடறேன். நீங்க பக்கத்துல இருந்தா ஒரு தெம்பாத்தான் இருக்குது. இருங்க, அந்தச் செவுத்துப் பக்கமாத் திரும்பி நின்னுக்கறேன், டவர் நல்லாக் கிடைக்கும்.

அலோ, அண்ணா! நாச்சிமுத்துங்க. நல்லாருக்கேனுங்க. ஓசூர்ல இருக்கேனுங்க, பாப்பாவைப் பாக்க வந்தேன். ஆமாங்க. ஒரு சமாச்சாரம் சொல்லோணும்னுதானுங்க கூப்பிட்டேன். சித்திரையில நடந்துச்சில்லீங்க, அந்த மிசினு. அது என்னன்னாங்க, அந்தப் பொட்டியில நான்... என்னங்கண்ணா? இல்லீங்க. அது வந்துங்க... கோவமே இல்லீங்களா? ஆமாங்க. சின்னப் புள்ளதானுங்க. ஆமாங்க, ஆமாங்க, அனுபவம் பத்தாது. படிச்சுட்டா எல்லாம் தெரியும்னு ஒரு நெனப்பு இருக்குமில்லீங்க. நானும் சொல்லிப் பாத்தேனுங்க. சரிங்கண்ணா. நீங்க மன்னிச்சுட்டீங்கன்னு சொல்லிர்றேனுங்க. உங்களுக்குப் பெரிய மனசுங்க. வெச்சர்றேனுங்க.

பாத்தீங்களா முனிரத்தினம்மா! அவருக்குக் கோவமே இல்லையாம். பாப்பாவை அப்பவே மன்னிச்சுட்டாராம். இதுக்குப் போய் ஆறு மாசமா மனசைப் போட்டு ஒழப்பிட்டிருந்தேன். போனை எடுங்க, மேல சொல்லுங்க. மாமா மன்னிச்சுட்டாரு, கெளம்பி வாடின்னு சொல்லுங்க.

எடுங்கங்கறேன்.

ஏனுங்க, எங்க கைய நீட்டறீங்க? மாடிப்படியில என்ன? யாரையும் காணமே.

வந்தாளா? எப்பங்க வந்தா? நான் போன்ல பேசறப்பவா? நான் மாமாவுக்குப் போன் போடறேன்னு நீங்க மேல சொல்லிட்டீங்களா? கடைசிப் படி வரைக்கும் வந்தாளா? பையோடவா? கையில பையோடவாங்க வந்தா?

நீங்க கூப்பிட்டிருக்கக் கூடாதா. நான் செவுத்தைப் பாத்து நின்னுட்டனே. எவ்வளவு நேரம் நின்னா? எதுலருந்து நின்னா? ‘சின்னப் புள்ளதானுங்க’ன்னு சொன்னப்ப நின்னாளா? அதுக்கு முந்தியே போயிட்டாளா? அவ்வளவு தூரத்துக்குக் கேட்டிருக்காதுங்க. படிக்கும் இந்தச் செவுத்துக்கும் இருபதடி இருக்குமில்ல? நான் மெதுவாத்தானே பேசுனேன்?

சொல்லுங்க முனிரத்தினம்மா, மெதுவாத்தானே பேசுனேன்? எனக்குத்தான் மெதுவாப் பேசவே வராதுங்களே.